ஸ்கேன் அறைக்கு வெளியே: ஆரணிக் குறிப்புகள்

‘கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம்’ என்ற பலகை எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி. பலகை சரி. பெண் கருவைக் காப்போம் என்ற பிரச்சாரத்தில் திரும்பத் திரும்ப வரும் படம்தான் உறுத்துகிறது: வயிற்றுக்குள்ளிருந்து குழந்தை ‘அம்மா, என்னைக் கொல்லாதே’ என்று கெஞ்சும். அம்மாவிடம் மட்டும்தான் கெஞ்சும். அப்பா, மாமியார், புரோக்கர் யாரும் படத்தில் இல்லை. சட்டமோ, கணவனோ உறவினரோ வற்புறுத்தித்தான் அவள் வந்தாள் என்று கொண்டே விசாரணையைத் தொடங்கச் சொல்கிறது.

*

பெற்றவளைக் குற்றவாளி ஆக்குவதா என்ற இந்தச் சண்டை பெண்கள் இயக்கத்துக்குள்ளேயே பழையது. உசிலம்பட்டி, சேலம் பெண் சிசுக்கொலைகள் பேசப்பட்ட காலத்தில் சிலர் வழக்குப் போடு என்றார்கள்; பெற்றவள்தான் சிறைக்குப் போனாள். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. உயிர் பிழைத்ததே என்று ஒரு தரப்பு. பெண்ணை விட்டுவிட்டுப் போகலாம் என்று அரசே வழி காட்டுகிறதே என்று மறுதரப்பு. 2001இல் 948ஆக இருந்த திருவண்ணாமலை மாவட்டக் குழந்தைப் பாலின விகிதம் (ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற கணக்கு) 2011இல் 930ஆக இறங்கியதும், தொட்டில் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடைத்த குழந்தை வாழட்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் 930 என்ற எண் பிறக்க விடாத குழந்தைகளையும் சேர்த்துச் சொல்வது. அவர்களுக்குத் தொட்டில் எட்டாது.

*

ஆகஸ்ட் 10. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் வந்த நாள். கத்தோலிக்க உயிர்காப்பு அமைப்பினர் 2022இல் அந்த நாளில் டெல்லியில் பேரணி நடத்தினார்கள். அவர்களுக்கு எந்தக் கருக்கலைப்பும் பாவம். பெண்கள் அமைப்புகளுக்குப் பாலினம் பார்த்துக் கலைப்பதுதான் பிரச்சினை, கலைக்கும் உரிமை அல்ல. பெண் கருவைக் காப்போம் என்ற பதாகைக்குக் கீழே இருவரும் நிற்க முடியும். கொலை, பாவம் என்று மேடையில் பேசத் தொடங்கியதும் மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று வந்தவளும் கொலைகாரியாகி விடுகிறாள். நான் பெண்கள் அமைப்புகளோடு நிற்கிறேன்.

*

தறிக்குத் தார் சுற்றிக்கொண்டே ஆரணியில் ஓர் அக்கா சொன்னது: “ரெண்டும் பொண்ணுன்னு தெரிஞ்சாலே ஆஸ்பத்திரியில ஒரு மாதிரி பாக்குறாங்கம்மா. நான் எதையும் பாத்துட்டு வரல. வளக்க முடியாதுன்னுதான் வந்தேன்.” இந்தப் பார்வைக்குப் பயந்தவர்கள் எங்கே போவார்கள்? தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் கருக்கலைப்பு மாத்திரையை வைப்பதே இல்லை. 2018 டிசம்பரில் திருவண்ணாமலையில் மருத்துவம் படிக்காத ஒரு பெண், திருட்டுத்தனமாகக் கலைப்பு செய்துவந்ததாகக் கைதானார். அதே குற்றத்துக்காக முன்பும் பிடிபட்டவர்.

*

‘பெண்ணே இல்லாமல் போனால் உன் மகனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ மேடைக்கு மேடை கேட்கும் வாதம். தறிக்காரனுக்குப் பெண் கிடைப்பதில்லை என்று ஏற்கெனவே புலம்பும் ஊரில் இது நன்றாக எடுபடும். எனக்குக் கோபம் வருகிறது. யாரோ ஒருவனுக்கு மனைவியாக வேண்டும் என்பதற்காகவா அவள் பிறக்க வேண்டும்? சவரன் கணக்குப் பார்த்துப் பெண்ணைச் சுமை என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்கிறது.

*

2016இல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி ஒரு யோசனை சொன்னார்: எல்லாக் கர்ப்பிணிக்கும் பாலினத்தைக் கண்டறிந்து பதிவு செய்து, பிரசவம் வரை கண்காணிக்கலாம். இயக்கத்தில் பலர் கொதித்தார்கள். டாக்டரிடமிருந்த குற்றத்தைத் தூக்கிக் கர்ப்பிணியின் தலையில் வைப்பது அது. கருச்சிதைவு ஆனவள்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

*

தருமபுரியில் 1990களின் இறுதியில் பெண் சிசுக்கொலைக்கு எதிராக நடந்த கலைப்பயணம் நினைவுக்கு வருகிறது. ஊர் ஊராக நாடகம், பாட்டு. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஊரே உட்கார்ந்து பார்க்கும்போது கணவனும் மாமியாரும் எழுந்து போய்விட முடியாது. சுவரொட்டிக்கு அந்த வலு இல்லை.

அதோடு இன்னொன்று. ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் ‘எஃப்’ படிவம் நிரப்ப வேண்டும். மாதா மாதம் 5ஆம் தேதிக்குள் அதிகாரியிடம் அறிக்கை போக வேண்டும். சாபு ஜார்ஜும் சேஹத், மாசும் அமைப்புகளும் 2000இல் உச்ச நீதிமன்றம் போனது, இருக்கிற அந்த 1994 சட்டத்தை அமல்படுத்துங்கள் என்று கேட்டுத்தான். ஆரணியில் அடுத்த கூட்டம் போடுகிறவர்கள் பேச்சாளரைத் தேடும் முன், போன மாதப் படிவங்களை யார் படித்துப் பார்த்தார் என்று கேட்டு மனு கொடுக்கட்டும். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.