கூரை மட்டத்தில் ஒரு தேன்பெட்டி

தேனீ வளர்ப்பு என்றதும் இலங்கையில் நினைவுக்கு வரவேண்டிய ஊர் பண்டாரவளை. விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு அங்கே பிந்துனுவெவவில்தான் இருக்கிறது. (அந்த ஊரின் பெயரை நம்மவர்களில் பலர் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் நடந்த கொலைகளால்தான் அறிவார்கள்.) சுற்றியுள்ள மலைகளில் யூகலிப்டஸ் மரங்கள் பூக்கும் காலத்தில் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துத் தேன் எடுப்பார்கள். ஆனால் அந்த மரங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த தோட்டத்துப் பெண்களின் வீட்டில் ஒரு தேன்பெட்டியைக் காண்பது அரிது. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, இடமில்லை. மற்றது, பயம்.

இரண்டுமே நியாயமானவை. வீட்டுத்தோட்டத்தில் மர நிழலில், ஆட்கள் நடமாடாத மூலையில் பெட்டியை வையுங்கள் என்றுதான் பயிற்சிகளில் சொல்லிக் கொடுக்கிறோம். லயத்தில் மூலை எங்கே இருக்கிறது? 10க்கு 12 அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவான வாசல். அங்கேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், துணி காய்கிறது, பீலிக்குப் போகும் பாதையும் அதுவே. ஒரு கத்தரிக்கன்று நட்டாலும் அந்த மண் தோட்டத்துக்கே சொந்தம். தேயிலை இலங்கைக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதை வளர்த்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கையளவு காணியும் உறுதியுடன் கிடைக்கவில்லை.

பயத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் இல்லாத தோட்டம் இல்லை. உயிர்களும் போயிருக்கின்றன. மலையகத்தில் குளவி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில், உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய தேனீயும் அடங்கும். சிங்களத்தில் அதைப் பம்பரா என்பார்கள். பெட்டியில் வளர்ப்பது வேறு இனம். அது சிறியது, மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகள் கட்டி வாழ்வது, பெரிய தேனீயைவிடச் சாதுவானது. கொட்டாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. கூட்டைத் தட்டினால் கொட்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே ஆபத்தாகலாம்.

பண்டாரவளைக்கு அருகே ஒரு தோட்டத்தில், கொழுந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் இந்த இரண்டுக்கும் ஒரே விடை கண்டுபிடித்திருக்கிறார். அவரது லயம் மலைச்சரிவை வெட்டி அமைத்தது. பின்பக்கம் கான், கானுக்கு அப்பால் கல்கட்டு, அதற்கு மேலே ஒரு மண்திட்டு. திட்டின் உயரமும் தகரக் கூரையின் உயரமும் ஏறத்தாழ ஒன்று. குப்பை வீசவும் விறகு அடுக்கவும் மட்டுமே பயன்பட்ட அந்த இடத்தில், வாசல் கூரையைப் பார்த்தபடி பெட்டியை வைத்திருக்கிறார்.

முதலில் எனக்கு அது விபரீதமாகவே பட்டது. அத்தனை குடும்பங்கள் வாழும் லயத்தின் தலைமாட்டில் தேன்கூடா? கீழே வாசலில் அரைமணி நேரம் நின்றபோது காரணம் விளங்கியது. பெட்டியை விட்டுப் புறப்படும் தேனீ கூரைக்கு மேலாகவே பறந்து போகிறது. வாசலுக்கு மேலே வரும்போது ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. சமதரையில் வைத்திருந்தால் அதே பாதை பிள்ளைகளின் முகத்துக்கு நேரே இருந்திருக்கும். நகரங்களில் மொட்டைமாடியில் பெட்டி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பாரிஸ் நகரில் நோத்ர டாம் தேவாலயத்தை ஒட்டிய கட்டடத்தின் கூரையில் 2013இல் வைத்த கூடுகள், 2019 ஏப்ரல் தீ விபத்திலும் தப்பிப் பிழைத்தன.

திட்டிலும் சில கவனங்கள் தேவைப்பட்டன. குசினிப் புகை போகும் பக்கத்தை விட்டுத் தள்ளி, கிரவில்லியா மரநிழல் விழும் இடத்தில் பெட்டி நிற்கிறது. தாங்கியின் நான்கு கால்களும் தண்ணீர் நிரப்பிய டின்களில் நிற்கின்றன, எறும்பு ஏறாமல் இருக்க. முக்கியமாக, தாங்கியை நிறுத்த மண்ணை வெட்டவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த சரிவுகளையும் கண்ட மாவட்டம் இது. லயத்தின் பின்சரிவில் ஒரு மண்வெட்டியையும் போடக்கூடாது. சரிவில் வெடிப்போ நீர்க்கசிவோ தெரிந்தால் தேன்பெட்டியைப் பற்றிய பேச்சே வேண்டாம், ஆட்கள்தான் முதலில் இடம்மாற வேண்டும்.

அக்கம்பக்கத்தாரின் சம்மதத்தைப் பெட்டி வருமுன்பே கேட்டிருக்கிறார். யாருக்காவது முன்பு கொட்டி உடம்பு வீங்கியதா, மூச்சு முட்டியதா என்று ஒவ்வொரு காம்பராவிலும் விசாரித்திருக்கிறார். எங்களைப் போன்ற பட்டதாரிகள் 'சமூக ஒப்புதல்' என்று படிவத்தில் எழுதுவதை அவர் தேத்தண்ணி குடித்தபடி செய்து முடித்திருந்தார். கடைசியில் வந்த முறைப்பாடு கொட்டியதைப் பற்றியதே அல்ல. காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையில் மஞ்சள் புள்ளிகள்! தேனீ பறக்கும்போது எச்சமிடும். கொடியை இஸ்தோப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பீலியடியில் தேனீ மொய்க்காதிருக்க, பெட்டிக்கருகே தட்டில் தண்ணீரும் மிதக்கத் தென்னஞ்சிரட்டைத் துண்டுகளும். அதைக் காயவிடாமல் பார்ப்பது பேத்தியின் வேலை.

தோட்டத்து நிர்வாகம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"பெட்டிய தூக்கச் சொன்னா தூக்கிருவேன் மிஸ். ஆனா பூச்சிக்கு என்ன தெரியும், இது கம்பனி பூவு, இது நம்ம பூவுன்னு?"

தேனீ ஒரு கிலோமீற்றர் தூரம்வரை இரை தேடிப் போகும். வேலியும் நில அளவைக் கல்லும் அதற்குக் கிடையாது. தோட்டத்தில் களைநாசினி அடிக்கும் நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லும்படி அவர் கங்காணியிடம் கேட்டிருக்கிறார். முந்தின இரவே பெட்டியின் வாசலைக் காற்றுப் போகும் வலையால் மூடிவிடலாம்.

இப்போது அதே லயத்தில் இன்னும் இரண்டு பெண்கள் பெட்டி வைக்கக் கேட்கிறார்கள். ஒருவருடைய பக்கத்தில் திட்டு, கூரையைவிட நான்கடி தாழ்வு. பெட்டிக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மேல் சாக்குப் படங்கு கட்டித் தேனீயை எழும்பிப் பறக்க வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.