மூடிக்குள் இருக்கும் தேதி

சென்னை ரிச்சி தெருவின் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு கடைகளின் கால்குலேட்டர்களைப் பழுது பார்த்த பெரியவருக்கு, இப்போது பழைய மெஷின்களைச் சேகரிப்பவர்கள்தான் வாடிக்கை. பக்கத்தில் தொழில் பழகும் ஓர் இளைஞர்.

நான் போனபோது மேசையில் காசியோ மினி ஒன்று திறந்து கிடந்தது. 1972இல் 12,800 யென்னுக்கு ஜப்பானில் விற்பனைக்கு வந்த மாடல். ஆறு இலக்கம்தான் காட்டும். பெருக்கிய விடை அதைத் தாண்டினால் மிச்சத்தைப் பார்க்கத் தனிப் பொத்தான். இப்படிக் குறைத்துக் குறைத்துத்தான் விலையை இறக்கினார்கள். கால்குலேட்டர் வீட்டுக்குள் நுழைந்ததும் அதனால்தான்.

“கரண்ட் குடுக்காதப்பா, மொதல்ல கண்ணாடியப் பாரு” என்றார் பெரியவர். டிஸ்பிளே குழாயின் ஓரத்தில் வெள்ளிப் பூச்சாக ஒரு பொட்டு. அது மின்னினால் உள்ளே வெற்றிடம் பத்திரமாக இருக்கிறது. வெளுத்துப்போயிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்தக் குழாய் இனி எரியாது. இதில் மின்னியது.

அடுத்து பேட்டரிப் பெட்டி. செல் ஒழுகி, செம்புத் தடங்களில் பச்சை பிடித்திருந்தது. பஞ்சில் வினிகர் தொட்டுக் காரத்தை முறித்தார். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தார். அறுந்த தடத்தின் மேல் மெல்லிய கம்பியால் ஜம்பர் போட்டார். அவசரமே இல்லாத கை. இதைப் பழக இன்னும் நாலு பேர் வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

வேறொரு போர்டை எடுத்து, ஐ.சி. சில்லின் மேல் லென்ஸைப் பிடித்தார். 7432 என்று நான்கு எண்கள். 1974ஆம் ஆண்டின் 32ஆவது வாரத் தயாரிப்பு. போர்டில் உள்ள சில்லுகளில் எது கடைசித் தேதியோ, அதற்குப் பிறகுதான் மெஷினைப் பூட்டியிருப்பார்கள். சேகரிப்பவர்கள் மூடியைத் திறக்கச் சொல்வது இதற்காகத்தான். தேதி மட்டுமல்ல, சில்லுகளின் எண்ணிக்கையும் உள்ளேதான் தெரியும். 1969இல் வந்த ஷார்ப் க்யூடி-8டிக்குள் ராக்வெல் செய்த நான்கு பெரிய சில்லுகள். 1971இன் பிசிகாம் எல்இ-120ஏ, மாஸ்டெக்கின் ஒரே சில்லோடு சட்டைப்பைக்குள் போய்விட்டது. இந்தப் பாய்ச்சல் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் கால்குலேட்டர் வரலாற்றில் பங்குண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார், டி.சி.எம். நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்தவர். எச்.சி.எல். நிறுவனத்தை நிறுவும் முன் அவர் நண்பர்களோடு தொடங்கிய மைக்ரோகாம்ப் விற்றதும் கால்குலேட்டர்தான். அந்தக் கால இந்திய மெஷின் ஒன்று கைக்கு வராதா என்று பெரியவர் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

ஆனால் தங்க முலாம் பூசிய பழைய சில்லுகளைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கி உருக்கிவிடுகிறார்கள். அந்தச் சில்லுகளை இனி யாரும் செய்யப்போவதில்லை. ஒன்று செத்தால், இன்னொரு மெஷினிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கால்குலேட்டர் இருந்தால் இன்றே பேட்டரியைக் கழற்றுங்கள். எடைக்குப் போடாதீர்கள்.