அப்பத்தா கண்ணாடி எங்க?

பரவை மார்க்கெட்ல காய் வாங்கியிருக்கீங்களா? எங்க அப்பத்தா அங்கே தக்காளி வித்தவங்க. ஆறே முக்கால் கிலோ, கிலோ பன்னெண்டு ரூபான்னா, நாம செல்போனை எடுக்குறதுக்குள்ள 'எம்பத்தொண்ணு குடு'ன்னு கையை நீட்டுவாங்க.

போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. மதுரையில் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ரெண்டாம் நாள் ராத்திரி திடீர்னு டிரிப்ஸைப் பிடுங்கிட்டு, ''மழை வருது, கூடையை மூடுங்கடா!''ன்னு ஒரே சத்தம். எப்பவோ இறந்துபோன தாத்தாவைக் கூப்பிடுறாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன்.

''மயக்க மருந்து ஓவராப் போச்சு''ன்னார் பெரியப்பா. கையைக் கட்டிப் போடலாமான்னும் பேச்சு வந்தது.

காலையில் வந்த மயக்க மருந்து டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ''பாட்டி கண்ணாடி எங்க?'' உடைஞ்சிடக் கூடாதுன்னு என் பையில் பத்திரமா வெச்சிருந்தேன்!

''இது பைத்தியம் இல்ல தம்பி, டெலிரியம். வலி, தூக்கமின்மை, உடம்புல அழற்சி, சில மாத்திரைகள்னு பல காரணம். கிருமித் தொற்றாவும் இருக்கலாம், அதையும் பார்க்கணும். இதுல கண்ணும் தெரியலைன்னா?''

அப்பத்தாவுக்கு முழு மயக்கமே கொடுக்கலை, முதுகில் ஊசிதான். 2021-ல் வெளியான அமெரிக்க - கனடா ஆய்வில், இடுப்பு எலும்பு முறிஞ்ச 1,600 பேரை ரெண்டு முறையிலும் ஒப்பிட்டாங்க. எந்த முறையா இருந்தாலும் ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கு. பெரியப்பாகிட்ட சொன்னேன், நம்பலை. விடுங்க.

கண்ணாடியை மாட்டி விட்டோம். பகல்ல ஜன்னலைத் திறந்து, ராத்திரி லைட்டை அணைச்சு, 'இது ஆஸ்பத்திரி, நான் உங்க பேரன்'னு திரும்பத் திரும்பச் சொன்னோம். நாலாம் நாள், ''ஏன்டா மெலிஞ்சுட்ட?''ன்னாங்க. நான் பாத்ரூம் போய் அழுதுட்டு வந்தேன்.

உங்க வீட்டுல பெரியவங்களுக்கு ஆபரேஷன்னா, ஏற்கெனவே ஞாபக மறதி இருக்கா, என்னென்ன மாத்திரை போடுறாங்கன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

குழப்பம் போனாலும் கணக்கு உடனே வரலை. 1998-ல் வந்த ஒரு ஆய்வு, பெரிய ஆபரேஷன் முடிஞ்ச 60 வயசு தாண்டினவங்கள்ல, மூணு மாசம் கழிச்சும் பத்துல ஒருத்தருக்கு ஞாபகமும் யோசனையும் மந்தமா இருந்ததா சொல்லுது. வீடியோவை அழிச்சிட்டேன். மத்தவங்க போன்ல இருக்கான்னு கேட்கத்தான் தைரியம் வரலை.

தினமும் சாயங்காலம் அதே கணக்கைக் கேட்பேன். ''எழுவதா?'' என்பாங்க, ''தொண்ணூறா?'' என்பாங்க. அஞ்சாவது மாசம் ஒருநாள் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, ''எம்பத்தொண்ணு. ஆமா, பன்னெண்டு ரூபாய்க்கு இப்ப எவன்டா தக்காளி தர்றான்?''