பிளேடால் கீறிய ஸ்பீக்கர்

லண்டன், 1964. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸுக்கு வயது பதினேழு. தன் குட்டி ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் தாளை பிளேடால் கீறிவிட்டார். (வீட்டில் உதை விழுந்ததோ என்னவோ!) அந்தக் கரகரப்பை வாக்ஸ் ஏசி30 வழியாகப் பெரிதாக்கியதில் கிடைத்ததுதான் 'யூ ரியலி காட் மீ' பாட்டின் கிடார் சத்தம். பாட்டு இங்கிலாந்தில் முதலிடம்.

வேடிக்கை என்னவென்றால், ஆம்ப்ளிஃபையர் செய்தவர்கள் பாடுபட்டதெல்லாம் சுத்தமான சத்தத்துக்காக. வாசித்தவர்களுக்குப் பிடித்ததோ அதன் கோளாறு! வால்வுக்குத் தாங்காத அளவு சிக்னல் போனால் அலையின் உச்சி மெல்ல மழுங்கும். மூலச் சத்தத்தில் இல்லாத மேல் சுரங்கள் வந்து சேரும். மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி அடித்தால் உறுமல். கை சொல்வதை ஆம்ப் கேட்கிறது. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் அந்த எல்லையில் சட்டென்று வெட்டிவிடும், காதைக் குத்தும்.

இன்று மடிக்கணினியிலேயே இந்தச் சத்தத்தை மென்பொருள் போலி செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனாலும் முப்பது கிலோ பெட்டியைத் தூக்கிவந்து, வால்வு சூடேறும்வரை காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.