பரியும் பரிவும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் மலைகளை அண்ணாந்து நோக்குகின்றனர். கல்யாண மகாலை வியக்கின்றனர். தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்டுச் செல்கின்றனர். 1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துக் களத்தில் வீழ்ந்தபோது அவனுக்கு வயது 22 என்பர். அவனோடு நின்று உயிர் விட்ட ஆருயிர்த் தோழன் மகமத்கான் ஒரு முஸ்லிம். எதிரே வந்த நவாபும் முஸ்லிம். உடன் நின்று மாண்டவனும் முஸ்லிம். நட்புக்கு இலக்கணமாக நம் வீடுகளில் பெரியோர் இதனைச் சொல்லி வந்திருக்கின்றனர்.

அந்தக் கதையில் மனிதர்களுக்கு நிகராகப் பெயர் பெற்ற இரண்டு உயிர்கள் உண்டு. தேசிங்கின் குதிரை பாராசாரி; மகமத்கானின் குதிரை நீலவேணி. கதைப்பாடல் இவ்விரு பெயர்களையும் முந்நூறு ஆண்டுகளாகச் சுமந்து வருகிறது. ஆனால் பாராசாரியின் கால்வழி என்று காட்டுவதற்குச் செஞ்சிச் சீமையில் ஒரு குட்டி உண்டா? இல்லை. பாட்டு பெயரைக் காத்தது; குருதியைக் காக்க எவரும் முன்வரவில்லை. தமிழ்நாட்டுக் குதிரையின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு செய்தியில் அடக்கிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்தச் சிந்தனை நமக்கு எழக் காரணமானவர் நம் தம்பி மகன். வளைகுடா நாட்டில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய அவர், செஞ்சிக்கு அருகே உள்ள குடும்ப நிலத்தில் குதிரை வளர்க்க விரும்பினார். பந்தயக் குதிரையன்று, ஊர்வலக் குதிரையுமன்று, நெடுந்தூர ஓட்டத்திற்கான குதிரை. "பெரியத்தா, நம் நாட்டு இனத்தில், அதுவும் அருகிவரும் இனத்தில், ஒன்றைத் தேர்ந்து வளர்க்க வேண்டும். எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

நெடுந்தூர ஓட்டம் என்பது இன்று உலகெங்கும் நடைபெறும் ஒரு போட்டி. 1955இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைகளைக் கடந்து ஒரே நாளில் 100 மைல் செல்லும் ஓட்டத்தைச் சிலர் தொடங்கினர். அதுவே டெவிஸ் கோப்பை என இன்றும் நடக்கிறது. 1986இல் இத்தாலியில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. உயர்ந்த நிலைப் போட்டியில் குதிரை ஒரே நாளில் 160 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இத்துறையில் முன்னணியில் நிற்பது அரபுக் குதிரையே.

அரபுக் குதிரை என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது காயல்பட்டினத்துக் கடற்கரை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர்க்கு ஆண்டுதோறும் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து குதிரைகள் வந்திறங்கின. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் தம் பங்காக ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், எல்லாத் துறைமுகங்களிலிருந்தும் சேர்ந்து 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒவ்வொன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவே விளங்கினார். நம் முன்னோரின் வணிகப் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆண்டுதோறும் இத்தனை குதிரைகள் ஏன் தேவைப்பட்டன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதற்கு விடை கூறுகிறார். வந்த குதிரைகள் ஓராண்டுக்குள் பெரும்பாலும் இறந்துபோயின. அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை. சோற்றையும் சமைத்த இறைச்சியையும் அவற்றுக்கு ஊட்டினர். உயர்ந்த பெண் குதிரைக்கு உயர்ந்த ஆண் குதிரையைச் சேர்த்தாலும் கோணற்காலுடைய குட்டியே பிறந்தது என்றும் அவர் எழுதிவைத்தார். அயலார் சொல்லில் மிகை இருக்கலாம். எனினும், வளர்க்கும் கலை கைவந்திருந்தால் வாங்கும் தேவை குறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. பொன் ஒரு திசையில் போயிற்று. குதிரை மறுதிசையில் வந்து மடிந்தது.

இராவுத்தர் என்னும் பெயர் குதிரை வீரரைக் குறிப்பது. நம் குடும்பங்களில் மணமகன் குதிரைமீது ஊர்வலம் வரும் வழக்கம் அந்தப் பெயரின் எச்சம். ஆனால் அந்த ஊர்வலத்துக்கும் குதிரையை வாடகைக்குத்தான் பிடிக்கிறோம். பெயர் நம்மிடம், குதிரை வேறொருவரிடம்.

எனவே தம்பி மகனுக்கு நாம் சொன்ன முதல் விடை, "வாங்குவதைப் பிறகு பார்ப்போம், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதை முதலில் பார்ப்போம்" என்பதே.

அவர் மனத்தில் முதலில் இருந்தது மார்வாரி. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அழகிய இனம். சமஸ்தானங்கள் மறைந்தபின் ஆதரவின்றி அது அழியும் நிலைக்கு வந்தது. ஜோத்பூர் மன்னர் உமைத் சிங்கும், அவருக்குப்பின் பேரர் கஜ் சிங்கும் நல்ல குதிரைகளைத் தேடித் தொகுத்திராவிடில் இன்று அதன் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும். இன்று அதற்கு விலை ஏறிவிட்டது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திங்களில் கூடும் குருநாதசுவாமி கோயில் சந்தையில் மார்வாரியும் கத்தியவாரியும் இலட்சக்கணக்கில் விலை பேசப்படுகின்றன.

ஆனால் செஞ்சிக்கு நெருங்கிய உறவுடைய இனம் வேறொன்று உண்டு. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். 1689இல் அவர் மகன் இராஜாராம் மகாராட்டிரத்திலிருந்து தப்பி வந்து இங்கே அடைக்கலம் புகுந்தார். முகலாயரின் முற்றுகை 1698 வரை நீண்டது. பெரிய குதிரைகளும் பீரங்கிகளும் கொண்ட முகலாயப் படையைச் சாந்தாஜியும் தனாஜியும் அலைக்கழித்தது எவ்வாறு? தக்காணத்துச் சிறு குதிரைகளின்மீது விரைந்து வந்து தாக்கி, விரைந்து மறைந்தே. பீமா நதிப் படுகையில் உருவான பீம்தடி இனம் அந்த வழியில் வந்தது. உள்ளூர் மட்டக்குதிரையில் அரபு, துருக்கியக் குருதி கலந்து பிறந்தது, உயரத்தில் சிறியது, கற்பாறை நிலத்தில் காய்ந்த புல்லைத் தின்று நாள் முழுதும் நடக்க வல்லது. அண்மைக் காலத்தில்தான் அது தனி இனமென்று இந்திய அரசின் பதிவைப் பெற்றது.

2025இல் மராட்டியப் படைக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. கல்லுக்குப் பட்டயம் கிடைத்துவிட்டது. அக்கல்லைக் காத்த குதிரையின் வழித்தோன்றலோ தக்காணத்து இடையரின் ஆட்டு மந்தைகளுக்குப் பின்னால் சட்டியும் கூடாரமும் சுமந்து நடக்கிறது. அந்த இடையர்கள் சுமை வண்டிக்கு மாறிவிட்டால் அக்குதிரைக்கு வேலை இல்லை. வேலை இழந்த விலங்கினம் பிழைப்பதரிது. நெடுந்தூர ஓட்டம் அதற்கொரு வேலையைத் தரலாம் என்பதுதான் இந்த முயற்சியில் நமக்குத் தோன்றிய பொருள்.

இனி, தேர்வு. நம் நாட்டில் குதிரை வாங்குவோர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றிச் சுழி நல்லதா, கழுத்துச் சுழி ஆகுமா என்று விரலால் தடவிப் பார்த்து விலை பேசுவர். பிறகு நிறம், பிறகு உயரம். சுழியால் ஒரு குதிரை பத்துக் கல் தொலைவும் ஓடியதில்லை. நாங்கள் நன்னா என்றழைத்த நம் பாட்டனார் செஞ்சிக்கும் திண்டிவனம் இரயிலடிக்கும் இடையே ஜட்கா ஓட்டியவர். ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அவர் சுழி பார்த்து நாம் கண்டதில்லை. குளம்பைத் தூக்கி விரலால் தட்டுவார். முழங்காலுக்குக் கீழே எலும்பைச் சுற்றிக் கை வைத்துப் பருமன் அறிவார். விலாக்கூடு ஆழமாக உள்ளதா, முதுகு குட்டையாக உள்ளதா, நாசித்துளை விரிகிறதா என்று பார்ப்பார். வண்டியை அவிழ்த்ததும் குதிரையின் இடது முன்னங்காலுக்குப் பின்னே கையை வைத்து நிற்பார். இதயம் அடங்கும்வரை தாமும் தேநீர் குடிக்கமாட்டார். அடங்கியபின் உப்பிட்ட தவிட்டுத் தண்ணீர்; அதன்பின் ஊறவைத்த கொள்ளு.

இன்று உலகப் போட்டிகளில் மருத்துவர் செய்வதும் இதுவே. ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் குதிரையை நிறுத்திச் சோதிக்கின்றனர். குறித்த நேரத்திற்குள் அதன் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 64 என்ற அளவுக்கு இறங்க வேண்டும். நடையில் நொண்டல் இருத்தலாகாது. இல்லையேல், எவ்வளவு முன்னே வந்திருந்தாலும், அக்குதிரைக்குப் போட்டி அத்துடன் முடிந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டியபின்னும் இச்சோதனையில் தேறினால்தான் வெற்றி. ஆகவே ஓடும் வேகத்தைவிட அடங்கும் வேகமே நெடுந்தூரக் குதிரையின் தகுதி. சிறிய, மெலிந்த, மெல்லிய தோலுடைய உடல் வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். உருண்டு திரண்ட பெரிய குதிரை ஊர்வலத்தில் அழகு. செஞ்சி வெயிலில் அதற்கு அதுவே பகை.

அடுத்தது இனப்பெருக்கம். தம்பி மகன் ஒரு பெயர் பெற்ற பொலிகுதிரையை வாங்க எண்ணினார். நாம் பெண் குதிரைகளையே வாங்கச் சொன்னோம். இதில் இருவருக்கும் வாதம் நடந்தது. "குட்டி தந்தையின் பெயரால்தானே விலைபோகும்?" என்றார் அவர். சந்தைக்கு அது சரி. ஆனால் குதிரையை வளர்த்தறிந்த பாலைவன அரபுகள் வம்சத்தைத் தாய்வழியில் எண்ணினர். படையெடுப்புக்கும் பெண் குதிரையையே விரும்பினர். பதினொரு திங்கள் கருவைச் சுமப்பதும், பின்னர்ப் பாலூட்டுவதும், மேய்ச்சலில் அஞ்சாமல் நடக்கப் பழக்குவதும் தாயே. நல்ல பொலிகுதிரையை வேண்டும்போது பிறரிடம் நாடலாம். நல்ல தாயை இரவல் பெற இயலாது.

அருகிவரும் இனத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் உறவுக்குள்ளேயே சேர்க்கை நிகழும். மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். போற்றிக் காக்கப்பட்ட அரபு வம்சங்களிலேயே, நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்து சில திங்களில் இறக்கும் குட்டிகள் உண்டு. தந்தை, தாய் இருபுறமும் அக்குறையைச் சுமந்திருந்தால்தான் அது நேரும். ஆதலின் ஒரே பொலிகுதிரையை ஊரெல்லாம் சேர்ப்பது இனத்தைக் காப்பதன்று, குறுக்குவது. ஒருவர் வளர்ப்பதைவிட ஐந்து குடும்பங்கள் வெவ்வேறு தாய்வழிகளை வைத்துக்கொண்டு, யாருக்கு யார் என்ன உறவு என்று ஏட்டில் எழுதி வைப்பது மேல். திருமணத்திற்கு முன் குடும்பம் விசாரிக்கும் நமக்கு இது புதிதா என்ன?

இதற்குப் பொறுமை வேண்டும். குட்டி பிறக்க ஓராண்டு. பிறந்த குட்டி ஐந்தாறு வயதை எட்டுமுன் நெடுந்தூரப் போட்டியில் இறங்கலாகாது. அதற்கு முன் அதன் எலும்பும் மூட்டும் முதிர்வதில்லை. அவசரம் என்ன செய்யும் என்பதையும் உலகம் கண்டது. வேகத்துக்கும் பரிசுக்கும் ஆசைப்பட்டு ஓட்டப்பட்ட குதிரைகள் கால் முறிந்து வீழ்ந்தன. குதிரை நலத்தைக் காரணம் காட்டி 2015இல் உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தின் சங்கத்தையே சிறிது காலம் விலக்கி வைத்தது. எந்த மண் குதிரையைத் தன் கூடாரத்துக்குள் பிள்ளைபோல் வளர்த்ததோ, அந்த மண்ணின் பக்கத்திலேயே இது நிகழ்ந்தது நம்மை வருத்துகிறது.

மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின்மீது ஆணையிட்டு ஓர் அத்தியாயத்தையே தொடங்குகிறது திருமறை. குதிரைகளின் நெற்றி மயிரில் மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. அந்த நன்மை குதிரையை வைத்திருப்பதாலேயே வந்துவிடுமா? வாய் பேசாத உயிர் தன் களைப்பைச் சொல்லாது. நன்னா வைத்த கையைப்போல, அதை நாம்தான் கேட்டறிய வேண்டும். குதிரை நம் உடைமை என்பதற்கு முன்னால் அது அமானிதம்.

தம்பி மகன் சென்ற ஆண்டு பீமா நதிப்புறம் சென்று, இடையர் ஒருவரிடமிருந்து இரண்டு பெண் குதிரைகளை வாங்கிவந்தார். சுழி பார்க்கவில்லை, குளம்பைத் தட்டிப் பார்த்தாராம். விற்றவர் அவற்றின் தாய்களையும் பாட்டிகளையும் பெயர் சொல்லி அடையாளம் கூறினார். ஒன்று இப்போது சினையாக இருக்கிறது. பிறக்கவிருக்கும் குட்டி 160 கிலோமீட்டர் ஓடுமா, ஓடாதா என்பது தெரிய இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதைக் காண வல்ல இறைவன் நமக்கு ஆயுளைத் தருவானோ, அறியோம். ஆனால் வீட்டில் ஒரு புதிய ஏடு திறக்கப்பட்டுள்ளது. அதன் முதல் பக்கத்தில், இடையர் சொன்ன வரிசைப்படி, அக்குதிரைகளின் தாய்களும் பாட்டிகளும் எழுதப்பட்டிருக்கின்றனர்; அதன் கீழே குட்டியின் பெயருக்கு ஒரு வரி இடம் விடப்பட்டிருக்கிறது.