தம்பி விழுங்காமல் விட்ட குளிசை

போன வருசம் சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். பேசாலையில் எங்கட பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டப் பயிற்சி. பதினாறு வயதுத் தம்பி ஒருவன் ஓடமுடியாமல் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தொய்வு.

"குளிசை போடேல்லையாடா?"

"இல்லையண்ணா. அது ஸ்டெரொய்டாம். மாகாணப் போட்டியில சலம் எடுத்துப் பாத்தா பிடிபட்டுடுவனாம்."

யாரோ சொன்ன அரைகுறைக் கதையை நம்பி இரண்டு கிழமையாக மருந்தை நிறுத்தியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றிரவு எங்களுக்குள் பெரிய சண்டை. "உந்தச் சட்டமெல்லாம் காசுக்காரருக்கு" என்றார்கள் பாதிப்பேர். "சட்டம் இல்லையெண்டா கள்ளன்தானே வெல்லுவான்" என்றார்கள் மற்றப் பாதி.

இரண்டாவது கட்சிக்குச் சாட்சி சுசந்திகா ஜயசிங்க. கேகாலைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலில் வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். ஊக்கமருந்து எடுத்ததை ஜோன்ஸ் 2007இல்தான் ஒத்துக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 டிசம்பரில். ஒன்பது வருசம்! மேடையில் நிற்கவேண்டிய படியில் அவர் ஒருநாளும் நிற்கவில்லை. இதே சுசந்திகா மீதும் 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்து, பிறகு விடுவிக்கப்பட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. ஏமாற்றப்பட்டவரும் சந்தேகிக்கப்பட்டவரும் ஒரே ஆள்.

ஆக, சட்டம் வேணும். அதில் எங்களுக்கு இப்போது சந்தேகம் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில்.

இந்தச் சட்டத்தின் அடித்தளம் இதுதான்: உன் உடம்புக்குள் என்ன இருந்தாலும் நீதான் பொறுப்பு. தெரிந்து எடுத்தாயா, தெரியாமல் எடுத்தாயா என்பது பிறகுதான். உபுல் தரங்க 2011 உலகக் கிண்ணத்தின்போது தோள் காயத்துக்கு மூலிகை மருந்து எடுத்தார். பரிசோதனையில் பிரெட்னிசொலோன் வந்தது. ஆட்டத்தில் முன்னேற எடுக்கவில்லை என்று விசாரணையில் ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடை. எங்கட ஊரில் கால் பிசகினால் முதலில் போவது பரியாரியிடம்தானே. எண்ணெயிலும் தூளிலும் என்ன கலந்திருக்கு என்று யார் கேட்டோம்?

குசல் பெரேராவின் கதை இன்னும் மோசம். 2015 டிசம்பரில் நியூசிலாந்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். நான்கு வருசத் தடை தலைக்கு மேல். 2016 மே மாதம் கட்டார் ஆய்வுகூடம் தன் முடிவை மீளப்பெற, சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்குள் இருபதுக்கு 20 உலகக் கிண்ணம் முடிந்துவிட்டது. ஆய்வுகூடமும் பிழை விடும். குசலுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், நிபுணர்கள் இருந்தார்கள். எங்கட தம்பிக்கு?

சண்டை முடிந்த பிறகு அவனுடைய குளிசைகளைப் பற்றித் தேடிப் படித்தோம். ஒன்று பிரெட்னிசொலோன். ஸ்டெரொய்ட்தான், ஆனால் தசை வளர்க்கிற ஸ்டெரொய்ட் வேறு, இது வேறு. இருந்தாலும் விழுங்கினால் போட்டிக் காலத்தில் தடை. மற்றது சல்பியூட்டமோல். அதைக் குளிசையாக விழுங்கினால் எப்போதும் தடை. அதே மருந்தை பம்பில் இழுத்தால் 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி. நோயாளி தன் மருந்தை எடுக்கச் சிகிச்சை விலக்கு என்று ஒரு வழியும் இருக்கிறது. அதற்கு டொக்டரின் கடிதம், மூச்சுப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் வேணும். அம்மாவிடம் இருந்தது ஓரம் கிழிந்த கிளினிக் கொப்பி மட்டும்.

அதாவது, அவன் கேட்ட வதந்தியில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த மீதிக்காகத்தான் அவன் மூச்சுத் திணறினான். நாங்களும்தான் குற்றவாளிகள், பந்து அடிக்கப் பழக்கினோம், இதைப் பழக்கவில்லை.

2013ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தால் ஊக்கமருந்து எதிர்ப்பு இலங்கையில் சட்டமாகிவிட்டது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது நியாயம்தான். ஆனால் பொறுப்பு முழுவதையும் பிள்ளையின் தலையில் வைத்தால், அறிவையும் அவன் கைக்குக் கொண்டுவந்து கொடுக்கவேணும்: அவன் மொழியில், அவன் மைதானத்தில், போட்டிக்கு முதலே. பிடிக்கிறதுக்கு ஆள் வருவதற்கு முன்னால் சொல்லிக் கொடுக்க ஆள் வரட்டும்.

தம்பிக்கு இப்போது டொக்டர் பம்ப் எழுதிக் கொடுத்திருக்கிறார். பயிற்சிக்கு வரும்போது அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில் அது கிடக்கும். விளையாடுகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். பதினொரு வீடு முடிஞ்சுது. இன்னும் கிடக்கு.