ஒண்ணே கால் கன அடி

ஆம்பூரில் காருக்கு சப்வூஃபர் பெட்டி செய்யப் போனால் முதலில் காதில் விழுவது ஓர் அளவு. "பன்னெண்டு இஞ்சு ஸ்பீக்கரா? ஒண்ணே கால் கன அடிணா." எனக்குப் பெட்டி செய்துகொடுத்த தம்பியும் அதைத்தான் சொன்னார். யார் போட்ட கணக்கு என்று கேட்டேன். தொழில் கற்றுக்கொடுத்த பாய் சொன்னாராம். பாய்க்கு? சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர். அதற்கு மேல் தம்பிக்குத் தெரியாது. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை அறுக்கத் தொடங்கிவிட்டார். உள்ளளவு 45க்கு 37க்கு 22 சென்டிமீட்டர். பெருக்கினால் 36 லிட்டர் சொச்சம். ஸ்பீக்கரின் உடம்பு அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் சரியாக ஒண்ணே கால் கன அடி. கணக்கு சுத்தம்தான், அது எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு உறுத்தியது. படிக்கத் தொடங்கினேன்.

முதலில், பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். அவ்வளவு நீளமான அலைக்கு ஓர் அடி அகல ஸ்பீக்கரின் விளிம்பு ஒரு தடையே இல்லை. சுற்றிக்கொண்டு வந்து முன்னதைப் பின்னது தின்றுவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டால் தவில் சத்தம் தகர டப்பா சத்தமாக வருவது இதனால்தான். இன்று நாம் பயன்படுத்தும் காயில்-கோன் ஸ்பீக்கருக்கு 1925இல் வடிவம் கொடுத்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவருக்குமே இது தெரிந்திருந்தது. பலகையில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் பொருத்தி, முன்னையும் பின்னையும் பிரித்தார்கள்.

பின்பக்க அலையை வீணாக்காமல் அதையும் வேலை வாங்கலாம் என்று கண்டவர் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ். பெட்டியில் ஒரு குழாய் வைக்கும் அவருடைய முறைக்கு 1932இல் காப்புரிமை கிடைத்தது. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் ஆழ்ந்த நாதத்தை மாற்றுகிறாரே, அதே இயற்பியல்தான். ஆனால் என் பெட்டி குழாய் இல்லாதது, முழுக்க மூடியது. அதன் பரம்பரை வேறு.

அதைத் தேடிப் போனால் 1954க்கு வருகிறோம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எட்கர் வில்ச்சூர் ஒரு தலைகீழ் யோசனை செய்தார். அதுவரை கோனைப் பிடித்திருக்கும் விளிம்புதான் ஸ்பிரிங். அது விறைப்பாக இருந்தால் ஆழ்ந்த சுரம் வராது, இழுபடும் தூரம் கூடக் கூடச் சத்தமும் கோணலாகும். விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கினால்? பழைய 12 இஞ்சு ஸ்பீக்கர் ஒன்றின் விளிம்பை வெட்டியெறிந்து மெத்தை உறைத் துணியில் புது விளிம்பு ஒட்டினார். அந்தத் துணிக்கு வடிவம் வரைந்துகொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி. வகுப்பில் மாணவராக இருந்த ஹென்றி க்ளாஸ் கூட்டாளியாகச் சேர, ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கர் பிறந்தது. உள்ளே இரண்டு கன அடிகூட இல்லை. பீரோ அளவுப் பெட்டிகள் தந்த ஆழத்தை அலமாரித் தட்டில் வைக்கும் பெட்டி தந்தது. என் டிக்கியில் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

விளிம்பு என்றதும் எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று. 1920, 30களில் வந்த ஸ்பீக்கர்கள் பலவற்றில் கோனின் விளிம்பு மெல்லிய தோல்தான். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு துணி, அதன் பின் ரப்பர், ஃபோம். ஃபோம் விளிம்பு பதினைந்து இருபது ஆண்டுகளில் தொட்டாலே உதிரும். ஷூ அப்பருக்கு ஓரம் சீவி இழைக்கும் ஆம்பூர்க் கைகளுக்கு ஸ்பீக்கர் விளிம்பு ஒரு பெரிய வேலையே இல்லை என்பது என் எண்ணம். பெட்டியைத் தோலில் சுற்றட்டுமா என்று தம்பி கேட்டார். சுற்றினால் பார்வைக்கு அழகு, சத்தம் மாறாது. மூலைகளில் சிலிக்கோன் சரியாகப் போட்டால்தான் சத்தம் மாறும். கடைசியில் ரெக்சினே போட்டோம்.

இனி அந்த அளவுக்கு வருவோம். அதைக் கணக்கிடும் முறை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நெவில் தீல் என்ற பொறியாளர் 1961இல் குழாய் வைத்த பெட்டிகளுக்கு ஒரு கணக்கு முறை எழுதினார். பத்தாண்டுகள் அதை வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் இதழ் மறுபடி வெளியிட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்மால் 1972, 73இல் மூடிய பெட்டிக்கும் சேர்த்து அதை விரித்தார். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிக்குள் வரும் தாளில் க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று இருப்பவை இவர்கள் இருவரின் எண்கள். வி.ஏ.எஸ். என்பது, கோனின் பிடிப்பு எவ்வளவு விறைப்போ அதே விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு இருக்கும் என்ற கணக்கு. அதைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்க வேண்டும். 0.7 வந்தால் சமனான சத்தம். ஒன்றைத் தொட்டால் ஒரே சுரத்தில் கும் கும்மென்று முழங்கும்.

க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 35 லிட்டர் உள்ள ஸ்பீக்கரை 35 லிட்டர் பெட்டியில் போட்டுப் பாருங்கள், 0.707 வரும். ஒண்ணே கால் கன அடி என்பதும் 35 லிட்டர்தான். ஆக, பாய் சொன்ன அளவு கற்பனை இல்லை, ஒரு வகை ஸ்பீக்கருக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் அதே க்யூ.டி.எஸ்.ஸும் 105 லிட்டர் வி.ஏ.எஸ்.ஸும் உள்ள ஸ்பீக்கரும் 12 இஞ்சுதான். அதை இதே பெட்டியில் திணித்தால் கணக்கு ஒன்றில் போய் நிற்கும். நெடுஞ்சாலையில் நம்மைத் தாண்டிப் போகும் கார்கள் சிலவற்றிலிருந்து எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே பெட்டியை வீட்டுக் கூடத்தில் வைத்தால் மெலிந்துதான் ஒலிக்கும். காருக்குள் அலை நீளம், இடம் குறைவு. அலை பரவ வழியில்லாமல் உள்ளிருக்கும் காற்று மொத்தமும் அழுந்தித் தளர்கிறது. கீழே போகப் போகப் பெட்டி இழப்பதைக் கார் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகிறது.

பொருத்தும்போது கறாராக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் முடுக்க வேண்டும். பெட்டியை எல் கிளாம்ப் போட்டுத் தரையோடு இறுக்கும் முன், காருக்கு அடியில் குனிந்து பெட்ரோல் டேங்க் எங்கே என்று பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும்போது உள்ளே இருக்கும் அந்தத் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ளைவுட் அறுபடும் முன் செய்துகொடுப்பவரிடம் அதைக் காட்டுங்கள்.